செம்பட்டை

தூங்கப் போகும்போது அரசு பவானியின் சடை நுனியை எடுத்துத் தன் மணிக்கட்டில் சுற்றிக்கொள்வான். கல்யாணமான புதிதில் அவளுக்கு அது கூச்சமாக இருந்தது. புரண்டு படுத்தால் தலை இழுக்கும்.

"இன்னாத்துக்கு இது? நான் எங்கியும் ஓடிப் போவ மாட்டேன்" என்பாள்.

"கரையில போட்டக் கட்டாம வுட்டா எனக்குத் தூக்கம் வராது" என்பான் அவன்.

போகப்போக அவளுக்கும் பழகிவிட்டது. அவன் கடலில் இருக்கும் நாட்களில் தலை லேசாக இருப்பதே அவளுக்குத் தொந்தரவாகத் தோன்ற ஆரம்பித்தது. எழுந்து உட்கார்ந்து சடையை அவிழ்த்து மறுபடி பின்னுவாள்.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கல்பாக்கம் போகும் ரோட்டை விட்டுக் கிழக்கே இறங்கினால் வருகிற குப்பம் அது. பவானிக்குப் பிறந்த வீடு கோவளம். அங்கிருந்து வரும்போதே முட்டியைத் தொடும் கூந்தலோடுதான் வந்தாள். உப்புக் காற்றில் அவ்வளவு முடியை வைத்துக் காப்பாற்றுவது லேசான வேலை இல்லை. இரண்டு நாள் விட்டால் சிக்கு விழும், மணல் ஏறும். அடிபம்பில் அரசு தண்ணீர் அடித்து ஊற்ற, அவள் குனிந்து அலசுவாள். போகிறவர் வருகிறவர் எல்லாம் சிரிப்பார்கள். "இன்னா மச்சான், வலை அலசிகினு கீறியா?" என்று கேட்பார்கள். அரசு அதையெல்லாம் சட்டை பண்ணமாட்டான்.

அவன் முதலில் கரையோரமாக ஃபைபர் போட்டில்தான் போய்க்கொண்டிருந்தான். மீன்பாடு குறைந்துபோன ஒரு வருஷம், கூட்டாளி ஒருவன் கூப்பிட்டானென்று காசிமேட்டுக்குப் போய் விசைப்படகில் ஏறினான். நாள் கணக்கில் ஆழத்தில் தங்கிப் பிடிக்கிற தொழில். போய்விட்டு வருவான், சில நாள் வீட்டில் இருப்பான், மறுபடி போவான். ஒரு மார்கழியில் அப்படிக் கிளம்பிப் போனவன்தான். அன்று காலையில் பவானி கண்ணாடி முன்னால் நின்று சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள். சீப்பு நடு முடியில் மாட்டிக்கொண்டிருந்தது. வாசலில் நின்று "வர்றேன்" என்றான். அவள் திரும்பவில்லை. கண்ணாடியில் அவனைப் பார்த்து "ம்" என்றாள். தோளில் பை, கையில் செருப்பு. கண்ணாடிக்குள் தெரிந்த அந்த உருவம்தான் அவளிடம் மிச்சம் இருந்தது.

வங்கக் கடலில் காற்றழுத்தம் உருவான வாரம் அது. மற்ற படகுகள் திரும்பி வந்தன. அவன் போன படகு வரவில்லை. ஹெலிகாப்டர் பறந்தது, கப்பல் போனது, மீனவர் சங்கத்து ஆட்கள் மனு எழுதிக்கொண்டு அலைந்தார்கள். ஒரு பலகை, ஒரு கேன், ஒரு சட்டை கூட ஒதுங்கவில்லை. எப்போதோ ஒரு படகு பர்மாப் பக்கம் அடித்துக்கொண்டு போய், அதிலிருந்தவர்கள் மாதக் கணக்கில் கழித்து ஊர் திரும்பினார்கள் என்று யாரோ சொன்னார்கள். அரசுவின் அம்மா தனக்கோடி அந்தப் பேச்சைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"பொணம் கெடைக்கல. அப்பால யாருக்குக் காரியம் பண்றது?" என்று பஞ்சாயத்துக்காரர்களிடம் கேட்டாள். அவர்கள் காரியப் பேச்சை அதோடு விட்டுவிட்டார்கள்.

அதனால் பவானியின் நெற்றியில் பொட்டு இருந்தது. காலில் மெட்டி இருந்தது. தினமும் சாயங்காலம் தனக்கோடி பூ வாங்கி வந்து, மருமகளைக் குனியச் சொல்லித் தன் கையாலேயே வைத்துவிட்டாள். வருஷங்கள் போயின. ஒரு தடவை, போர்ட் பிளேர் துறைமுகத்தில் அரசு மாதிரி ஒரு ஆள் இருக்கிறான் என்று யாரோ போட்டோ அனுப்பினார்கள். பார்த்த நொடியே பவானிக்குத் தெரிந்துவிட்டது, அது அவன் இல்லை. தனக்கோடி மட்டும் போனை வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். "மூக்கு அவன் மாதிரிதான் கீது" என்றாள். "இளைச்சுப் போயிட்டான், அதான் வேற மாதிரி தெரியறான்." அந்த வேற்று மனிதன் தன் புருஷனாக இருந்துவிட்டால் என்ன என்று அன்றைக்கு அவளுக்கே ஒரு நிமிஷம் தோன்றியது.

கோவளத்திலிருந்து அவள் அண்ணன் வந்து கூப்பிட்டுப் பார்த்தான். அவள் போகவில்லை. கிழவியும் அவளுமாகத் தொழில் செய்தார்கள். தனக்கோடி கரையில் ஏலம் எடுப்பாள். பவானி அன்னக்கூடையை ஷேர் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு திருக்கழுக்குன்றம் கடைத்தெருவுக்குப் போவாள். சங்கராவும் கானாங்கெளுத்தியும் செதில் சீவிக் கொடுக்கும் நேரத்தில் சடையைச் சுருட்டிக் கொண்டை போட்டிருப்பாள். அந்தக் கொண்டையின் பாரத்தில் சாயங்காலம் கழுத்து வலிக்கும்.

பக்கத்து வீட்டு மருமகள் வசுமதி, செங்கல்பட்டில் ஒரு பியூட்டி பார்லரில் தொழில் கற்றுக்கொண்டிருந்தாள். ஒரு நாள் தயங்கித் தயங்கி வந்து நின்றாள்.

"அக்கா, தப்பா நெனைக்காத. எங்களுக்குக் கோர்ஸ் முடிக்கறப்போ ஒரு வேலை செஞ்சு காட்டணும். நீளமா முடி கீறவங்களா இட்டுகினு வரச் சொன்னாங்க. மொத்தமா வெட்டி, கலர் பண்ணி, ஆளே மாத்திக் காட்டணுமாம். நம்ம ஊர்ல உன்ன வுட்டா யாரு கீறாங்க?"

"உனக்குப் பைத்தியமா?" என்றாள் பவானி. "கெழவி காதுல வுழுந்தா உன்னையும் சேத்துக் கொன்னுடும்." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். வசுமதியும் சிரித்துவிட்டுப் போய்விட்டாள்.

அந்த வாரமே காத்தவராயன் வீட்டில் மகளுக்கு வளைகாப்பு நடந்தது. குப்பத்துப் பெண்கள் எல்லோரும் பந்தலில் உட்கார்ந்திருந்தார்கள். பவானி பின்னால் ஒரு ஓரமாகத்தான் நின்றாள். காத்தவராயனின் சம்சாரம் நல்ல மனசுக்காரி. "பவானி, நீயும் வந்து ஒரு வளையல் போட்டுட்டுப் போம்மே" என்று கூப்பிட்டாள். பவானி முன்னால் வந்து, சந்தனக் கிண்ணத்தைக் கையில் எடுத்தாள்.

"கொஞ்சம் இரு" என்றாள் கன்னியம்மா. ஊரில் எந்த விசேஷத்திலும் முன்வரிசையில் உட்காருகிறவள். குரலில் கோபம் ஒன்றும் இல்லை, நியாயம் கேட்கிற குரல்தான். "நான் யாரையும் கொற சொல்லல. வயித்துப் புள்ளக்காரி விஷயம் இது. இவ புருஷன் கீறானா, இல்லியான்னு நமக்கே தெரியாது. தெரியாம எப்படிச் செய்யறது?"

தனக்கோடி எழுந்துவிட்டாள். "எம்புள்ள உசுரோட கீறான். நீ பார்த்தியா அவன் செத்தத?"

"உசுரோட கீறவன் ஒரு போன் பண்ண மாட்டானா?"

"இவ தலையப் பாரு. பூ கீது இல்ல? தெனம் நான் வெச்சு வுடறேன். முடியப் பாரு, எப்படி வெச்சுகினு கீறான்னு. அறுத்தவ முடி மாதிரியா கீது?"

தனக்கோடி சொல்லிக்கொண்டே பவானியின் சடையைப் பிடித்து எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிக் காட்டினாள். பந்தலில் இருந்தவர்கள் அந்தச் சடையைப் பார்த்தார்கள். ஏலத்தில் மீனை வாலைப் பிடித்துத் தூக்கிக் காட்டும்போது பார்ப்பதைப் போலத்தான் பார்த்தார்கள். பவானி கிண்ணத்தைக் கீழே வைத்தாள். வளைகாப்புப் பெண் தலையைக் குனிந்துகொண்டு அழுதாள். அவளைப் பார்க்கத்தான் பவானிக்குப் பாவமாக இருந்தது. சடையை மாமியார் கையிலிருந்து மெதுவாக விடுவித்துக்கொண்டு வெளியே வந்தாள்.

மறுநாள் காலை, வசுமதி பஸ்ஸுக்குக் கிளம்பும் நேரம் பார்த்து அவள் வாசலில் போய் நின்றாள்.

"இன்னிக்கே செய்வாங்களா?"

வசுமதி அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேள்வி ஒன்றும் கேட்கவில்லை. "வா அக்கா" என்றாள்.

பார்லர், செங்கல்பட்டு ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில், ஒரு செல்போன் கடைக்கு மேலே மாடியில் இருந்தது. ஏசி குளிர். சுவர் முழுக்கக் கண்ணாடி. அதை நடத்துகிற அன்பரசிக்கு நாற்பது வயதிருக்கும். அச்சரப்பாக்கத்துக்காரி. அவளுடைய அம்மாவும் அப்பாவும் பிறத்தியார் வயலில் நாற்று நட்டவர்கள். இவள் சென்னையில் ஒரு கடையில் தரை கூட்டப் போய், பார்த்துப் பார்த்தே தொழில் கற்றுக்கொண்டு, இன்றைக்குத் தனியாகக் கடை வைத்திருந்தாள். பவானியை நாற்காலியில் உட்காரவைத்துக் கொண்டையை அவள்தான் பிரித்தாள். முடி நாற்காலிக்குப் பின்னால் தரைவரைக்கும் இறங்கியது. அங்கிருந்த பெண்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

அன்பரசி குனிந்து கண்ணாடி வழியாகக் கேட்டாள். "யாராவது கட்டாயப்படுத்துனாங்களாக்கா? இந்தப் பொண்ணு எதுனா தொந்தரவு பண்ணுச்சா?"

"இல்ல."

"வீட்ல சொல்லிட்டு வந்தீங்களா?"

"சொல்லல."

"வீட்டுக்காரர் கோச்சுக்க மாட்டாரா?"

பின்னால் நின்ற வசுமதி, கேட்காதீர்கள் என்று கையை ஆட்டியதைப் பவானி கண்ணாடியில் பார்த்துவிட்டாள்.

"அவரு கடல்ல கீறாரு" என்றாள்.

அன்பரசி தலையை ஆட்டினாள். எவ்வளவு குட்டையாக என்று பேசினார்கள். வசுமதி தோள் வரைக்கும் என்றாள். பவானி தன் பிடரியில் கையை வைத்து, "இதுக்கு மேல" என்றாள். அப்புறம் எந்தக் கலர் என்று வந்தது. ஒரு கனமான அட்டையை வசுமதி மடியில் விரித்து வைத்தாள். அதில் சின்னச் சின்ன முடிக்கற்றைகள் வளையமாக வரிசையாக ஒட்டியிருந்தன. கறுப்பு, காப்பித்தூள் கலர், கத்தரிப்பூக் கலர், திராட்சைக் கலர்.

"உனக்கு இந்தத் திராட்சக் கலர் எடுப்பா இருக்கும் அக்கா" என்றாள் வசுமதி.

பவானி ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டு வந்தாள். கீழ் வரிசையில் ஒரு வளையத்தில் விரல் நின்றுவிட்டது. பழுப்பும் இல்லை, சிவப்பும் இல்லை. வெயிலிலும் உப்புத் தண்ணியிலும் வெந்து போன முடி என்ன நிறமோ அந்த நிறம். அரசுவின் காதுக்குப் பின்னால் இருக்கும் முடி அப்படியே இப்படித்தான் இருக்கும். சின்ன வயதில் அவனை எல்லோரும் செம்பட்டை என்றுதான் கூப்பிட்டார்களாம். அவனுக்கு அதில் வெட்கம். கல்யாணத்துக்கு முதல் நாள் ஒரு பாக்கெட் டை வாங்கித் தலையில் அப்பிக்கொண்டான். மறுநாள் தாலி கட்டும்போது வேர்வையில் கரைந்து, கறுப்பாகக் கழுத்தில் வழிந்து, வெள்ளைச் சட்டையின் காலரெல்லாம் கறை. பவானிதான் முந்தானையால் துடைத்துவிட்டாள். அவன் காதோடு அவள் பேசிய முதல் பேச்சே அதுதான். "இனிமே இத அடிக்காத. உன் கலரே நல்லாதான் கீது."

"இது" என்றாள் இப்போது.

"இதுவா? இது ரொம்ப வெளுப்புக்கா" என்றாள் வசுமதி. அன்பரசி கற்றையைப் பார்த்தாள், பவானி அதைப் பிடித்திருந்த விதத்தைப் பார்த்தாள். "அதையே போடு" என்றாள்.

முடியை நாலு பாகமாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் மேலேயும் கீழேயும் ரப்பர் போட்டு இறுக்கினார்கள். கத்தரி முதலில் இறங்கவில்லை. வசுமதி இரண்டு கையாலும் அழுத்தினாள். நறநறவென்று, ஈர மணலில் நடக்கிற சத்தம் மாதிரி அது பவானியின் மண்டைக்குள் கேட்டது. ஒவ்வொரு கற்றை விழும்போதும் தலை தானாக முன்னால் வந்தது. இவ்வளவு நாளும் பின்னால் யாரோ பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது போல இருந்தது, விட்டதும் விழப் போவது போல இருந்தது. நாற்காலியின் கைகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

வெட்டிய முடியை அன்பரசி ஒரு துணியில் கிடத்தி அவள் மடியில் வைத்தாள். "வீட்டுக்கு எடுத்துட்டுப் போறதுன்னா எடுத்துக்கங்க. இல்லைன்னா, கேன்சர் வந்து முடி கொட்டுனவங்களுக்கு விக் செய்ய அனுப்புவோம். உங்க இஷ்டம்."

பவானி அதைத் தூக்கிப் பார்த்தாள். இத்தனை கனமா என்று இருந்தது. மணிக்கட்டுக்கு அருகில் கொண்டுபோனவள், அப்படியே நிறுத்தி, துணியை மடித்தாள். "யாருனா போட்டுக்கட்டும்" என்று கொடுத்துவிட்டாள்.

பிளீச் கலக்கியதும் எழுந்த நெடி அவளுக்குத் தெரிந்ததுதான். ஐஸ் ஃபேக்டரியில் கூடை நிரப்பப் போனால் மூக்கில் ஏறுகிற அதே நெடி. கண்ணில் தண்ணீர் வந்தது. எல்லோருக்கும் வருமென்று வசுமதி டிஷ்யூ கொடுத்தாள். தலை முழுக்க வெள்ளித் தாள் மடித்து வைத்து உட்கார்த்தினார்கள். ஜன்னல் வழியாக ரயில் சத்தம் கேட்டது. அலசினார்கள், கலர் வைத்தார்கள், மறுபடி அலசினார்கள். அன்பரசியே கடைசியாகக் கத்தரியை வாங்கிப் பிடரியையும் காதோரத்தையும் சீர் பண்ணினாள். டிரையரை அணைத்துவிட்டு நாற்காலியைத் திருப்பினாள்.

பவானி கண்ணாடியை நேராகப் பார்த்தாள். யாரோ ஒரு பொம்பளை, பட்டணத்துக்காரி மாதிரி. கண் மட்டும் தன்னுடையது. பின்பக்கம் தெரிவதற்காக வசுமதி ஒரு கைக்கண்ணாடியைப் பின்னால் பிடித்தாள். பெரிய கண்ணாடியில் அவள் பிடரி தெரிந்தது. வெயிலில் வெந்த குட்டை முடி, காதுக்குப் பின்னால் சுருண்டு நிற்கும் கொத்து, கறுத்த கழுத்து.

"கண்ணாடிய எடு" என்றாள் பவானி. பிறகு, "கொஞ்சம் தண்ணி குடு வசுமதி" என்றாள்.

திரும்பி வரும்போது ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். பஸ்ஸில் உட்காரும்போது சடை அழுந்தாமல் முன்னால் எடுத்துப் போட்டுக்கொள்கிற வழக்கம். கை பின்னால் போய் வெறுமையைத் துழாவிவிட்டு வந்தது. வசுமதி பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தாள். காற்று பிடரியில் நேராகப் பட்டது. அங்கே காற்றுப் பட்டு எத்தனை காலமாயிற்று என்று அவளுக்குத் தெரியவில்லை.

குப்பத்தில் இறங்கியவளுக்கு வீட்டுக்குப் போக தைரியம் வரவில்லை. முந்தானையைத் தோளைச் சுற்றி இழுத்து மூடிக்கொண்டு, கரையில் ஏற்றி வைத்திருந்த போட்டுகளின் பக்கம் போனாள். சூரியன் ஊருக்குப் பின்னால் இறங்கிவிட்டது. கடலில் வெளிச்சம் மட்டும் மிச்சம் இருந்தது. ஒரு போட்டின் விளிம்பில் கையை ஊன்றிக் கடலைப் பார்த்து நின்றாள். வெட்டிப் போட்டால் விட்டுப் போகும் என்றுதான் நினைத்தாள். இப்போது அவன் முன்னை விடக் கிட்டத்தில் இருந்தான். தொட முடியாத கிட்டத்தில்.

"அரசு."

பின்னால் கேட்டது. கூப்பிடுகிற குரல் இல்லை. விட்டுப் போன சாமானைக் கண்டெடுத்தவள் தனக்குத் தானே சொல்லிக்கொள்கிற மாதிரியான சின்னக் குரல்.

பவானி திரும்பினாள். தனக்கோடி கூடையோடு நின்றிருந்தாள். கூடையின் மேல் இலையில் கட்டிய பூ இருந்தது. அவள் முகத்தில் வந்திருந்த வெளிச்சம் அணைவதைப் பவானி பார்த்தாள். அதைப் பார்க்காமல் இருந்திருக்கலாம் என்று பின்னால் பல நாள் நினைத்தாள்.

கிழவி கூடையைச் சிந்தாமல் இறக்கி வைத்தாள். மணலில் உட்கார்ந்தாள். பவானியும் உட்கார்ந்தாள்.

"நான்தான் அத்த."

"தெரியுது."

அலை வந்து போய்க்கொண்டிருந்தது. "இன்னா பண்ணிகினு வந்துகீற" என்றாள் தனக்கோடி. திட்டவில்லை. கேட்டுவிட்டுப் பதிலுக்கும் காத்திருக்கவில்லை. கையை நீட்டிப் பவானியின் பிடரியைத் தடவினாள். "எங்க புடிச்ச இந்தக் கலர?"

அன்றைக்கு வாங்கிய பூ வைக்க இடமில்லாமல், ஒரு கிண்ணத்துத் தண்ணீரில் கிடந்தது.

ஊர் பேசியது. "தாலிய அறுக்காம தலைய அறுத்துகினா" என்று கன்னியம்மா சொன்னதாக வந்து சொன்னார்கள். திருக்கழுக்குன்றத்தில் தினமும் மீன் வாங்குகிறவர்கள் கூட அடையாளம் தெரியாமல் தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வந்தார்கள். இருந்தாலும் ஒன்று நடந்தது. அவள் தலையைப் பார்த்து அவள் யார் என்று சொல்ல யாராலும் முடியவில்லை. அதனால் அவளைப் பற்றிப் பேச வந்தவர்கள் அவள் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டியிருந்தது. அப்படிப் பேச முடியாதவர்கள் பேசாமல் விட்டார்கள்.

வீட்டுக்குள் வேறு ஒன்று நடந்தது. மத்தியானத்தில் பவானி உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தால், தனக்கோடி வந்து பின்னால் உட்காருவாள். பிடரியைத் தடவுவாள். எண்ணெய் எடுத்து வந்து காதோரம் வைப்பாள். பாசம் என்று முதலில் நினைத்தாள் பவானி. அவளுக்குச் சந்தோஷமாகக் கூட இருந்தது. ஒரு நாள், "எண்ண வெய்யி, வெய்யின்னா கேக்கறியா? எப்படிக் கருக்கி வெச்சுகினு கீற பாரு நைனா" என்று கிழவி முனகியது காதில் விழுந்தது. நைனா என்று கிழவி கூப்பிடுவது மகனை மட்டும்தான்; பவானியின் கையில் இருந்த கத்தி நின்றுவிட்டது. அன்று சோற்றில் மீன் தலையைக் கிழவி இவள் தட்டில் வைத்தாள். அந்த வீட்டில் தலைத்துண்டு எப்போதும் யாருக்குப் போகும் என்று பவானிக்குத் தெரியும். அதைத் தின்றாள்.

கிழவியை மட்டும் குற்றம் சொல்ல அவளால் முடியாது. அவளும்தான் ஒரு காரியம் செய்துகொண்டிருந்தாள். வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் கண்ணாடிக்கு முன்னால் பக்கவாட்டில் நின்றுகொள்வாள். நேராகப் பார்த்தால் பவானிதான் தெரிவாள். பார்க்காத மாதிரி, கடைக்கண்ணால் பார்த்தால், தோளுக்கு மேலே அந்தச் செம்பட்டை முடி மட்டும் தெரியும். மூச்சை அடக்கிக்கொண்டு அப்படியே நிற்பாள். "வர்றேன்" என்று சொன்ன குரல் எப்படி இருந்தது என்று யோசிப்பாள். குரல் வராது. சில நாள் வருவது போல இருக்கும். அடுப்பில் குழம்பு அடிப்பிடித்த வாசனை வந்த பிறகுதான் நகர்வாள்.

இப்படியே சில மாதம் போயின. முடியின் அடியில் கறுப்பு வளர்ந்து மேலே வந்தது. பாதிக் கறுப்பும் பாதிச் செம்பட்டையுமாகக் கண்ணாடிக்குள் இருந்தவன் கலைய ஆரம்பித்தான். இதற்குள் வசுமதி தேறி, அன்பரசியிடமே வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். "அடில மட்டும் கலர் வெச்சா போதும் அக்கா, பழையபடி ஆயிடும். வா, நான் வெச்சு வுடறேன்" என்றாள்.

பவானி யோசிக்கிறேன் என்றாள்.

அன்று சாயங்காலம் தனக்கோடி தானாகவே பேச்சை எடுத்தாள். "வசுமதி கூப்ட்டாளாமே. போய் அடிச்சுகினு வாயேன்."

"நீயா சொல்ற அத்த?"

"கறுப்பு வந்துகினு கீது. பாக்க நல்லா இல்ல."

பவானி அவள் எதிரில் உட்கார்ந்தாள். "அத்த, நான் அவரு இல்ல."

"தெரியும்டி" என்றாள் தனக்கோடி. கண்ணை வேறு பக்கம் திருப்பவில்லை. "எனக்கு இன்னா புத்தி கெட்டுப் போச்சா? தெரிஞ்சுதான் கேக்கறேன். இன்னும் கொஞ்ச நாளு இருக்கட்டுமேன்னு கேக்கறேன்."

சரி என்று சொல்லிவிடுவது சுலபம். சொல்லத்தான் ஆசையாகவும் இருந்தது.

"நானும் கண்ணாடில நின்னு பாத்துகினுதான் அத்த இர்ந்தேன்" என்றாள். "பாக்கப் பாக்க எனக்கு அவரு மொகம் மறந்துகினு வருது. என் மொகத்துல அவர வெச்சுப் பாத்து, அவரோடது எது, என்னோடது எதுன்னு தெரியல. எனக்கு அவரு திரும்பி வரணும். நானே அவரா ஆயிட்டா, அப்பால யாரு அவருக்குக் காத்துகினு இருக்கறது?"

தனக்கோடி எழுந்து உள்ளே போனாள். அன்றைக்குப் பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. அதற்கு அடுத்த நாள் சோறு போடும்போது மீன் தலையைத் தன் தட்டில் வைத்துக்கொண்டு, பவானிக்கு நடுத்துண்டை வைத்தாள்.

செம்பட்டையை வசுமதி கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி எடுத்தாள். கறுப்பு காதைத் தாண்டி வளர்ந்தது. பவானி அதை மறுபடி நீளமாக விடவில்லை. தோளைத் தொட்டால் போய் வெட்டிக்கொண்டு வருவாள். பொட்டு வைத்துக்கொள்வாள், மெட்டியைக் கழற்றவில்லை. பூ வாங்குவது நின்றுபோனது.

ஐப்பசியில் ஒரு நாள் நல்ல பாடு. ஒருத்தியால் தூக்க முடியாதென்று தனக்கோடியும் கூட வந்தாள். ஷேர் ஆட்டோவில் இரண்டு பேரும் கூடைகளுக்கு நடுவில் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். மழைக்காக இறக்கிய படுதா காற்றில் அடித்துக்கொண்டிருந்தது.

"அவன் உன்கிட்ட இன்னா பேசுவான்?" என்று கேட்டாள் தனக்கோடி.

"யாரு?"

"வேற யாரு. எங்கிட்ட ஒண்ணும் பேச மாட்டான். சோறு கீதா, கொழம்பு இன்னா, அவ்ளோதான். உங்கிட்ட பேசுவான் இல்ல?"

பவானிக்கு எதையோ நினைத்துச் சிரிப்பு வந்தது. "ஒரு தடவ எனக்கு ஜொரம்னு சொல்லி ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போனாரே, நெனப்பு கீதா?"

"மாமல்லபுரம் ஆஸ்பத்திரிக்கு. ஆமா. நான் கஞ்சி வெச்சுகினு ஒக்காந்திருந்தேன்."

"ஜொரமே இல்ல அத்த. பைக்ல இட்டுகினு போய் பேக்கரில ஐஸ்கிரீம் வாங்கிக் குடுத்தாரு. அவரே ரெண்டு துன்னாரு. உங்கிட்ட சொன்னா கொன்னுடுவேன்னு சொன்னாரு."

தனக்கோடி அவளைத் திரும்பிப் பார்த்தாள். "அந்தக் கஞ்சிய நீ முழுசா குடிச்ச."

"ஆமா. நீ நின்னுகினு இர்ந்த, இன்னா பண்றது?"

கிழவிக்கு முதலில் தோள் குலுங்கியது. அப்புறம்தான் சத்தம் வந்தது. ஆட்டோக்காரர் கண்ணாடியில் பின்னால் பார்த்தார். "எனக்கு ஒண்ணு வாங்கியாரல பாரு, திருட்டுப் பய" என்றாள். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். சிரிப்பு நின்ற பிறகும் துடைத்துக்கொண்டிருந்தாள்.

திருக்கழுக்குன்றம் வர இன்னும் தூரம் இருந்தது. தனக்கோடி கூடையின் மேல் ஈரச்சாக்கை இழுத்துச் சரிப்படுத்தினாள்.

"இன்னும் எதுனா சொல்லு" என்றாள்.